160 ஜி.பி.யிலிருந்து ஒரு டெராபைட்டுக்கு: டிவோ பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிய அனுபவம்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் டிவோ எச்.டி. பெட்டியை 2007ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வாங்கினேன். அதற்குள் இருந்தது 160 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரேயொரு ஹார்ட் டிஸ்க். எச்.டி. தரத்தில் 20 மணி நேரம் பதிவு செய்யலாம் என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். வாங்கிய புதிதில் அது தாராளமாகத்தான் தோன்றியது. 2008 ஜூலை 6ஆம் தேதி நடந்த விம்பிள்டன் ஆடவர் இறுதிப் போட்டியைப் பதிவு செய்த பிறகு அந்தத் தாராளம் போய்விட்டது.

அந்தக் கோடையில் அப்பா எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்தார். நடாலும் ஃபெடரரும் ஆடிய அந்த ஆட்டம் 4 மணி 48 நிமிடம் நீடித்தது. தொடக்கமே மழையால் தாமதமானது. இடையில் மேலும் இரண்டு முறை மழை குறுக்கிட்டது. கடைசி செட் 9–7 என்று முடிந்தபோது லண்டனில் இருட்டத் தொடங்கிவிட்டது. நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துபோனதால், அடுத்து வந்த நிகழ்ச்சியின் மீதும் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. ஆகவே அந்த ஆட்டம் எங்கள் பெட்டியில் இரண்டு பதிவுகளாக, ஏறத்தாழ ஏழு மணி நேர நீளத்தில் இருந்தது. ஒரு மணி நேர எச்.டி. ஒளிபரப்புக்கு சுமார் 8 ஜி.பி. என்று கணக்கிட்டால், டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொண்டது. ‘நானாக அழிக்கும் வரை வைத்திரு’ என்று குறியிட்டு வைத்தேன். ஊருக்குத் திரும்பும் வரையில் அப்பா அதைப் பகுதி பகுதியாக எத்தனை முறை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

2011 ஜனவரியில் படம் தடுமாறத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் காட்சி ஒரு நொடி உறைந்து, சிறு சிறு கட்டங்களாக உடைந்து, பிறகு ஓசையின்றி முன்னால் தாவியது. ஆண்டெனாவில் பிரச்சினை என்றால் நேரடி ஒளிபரப்பில் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் உடையும்; எங்களுக்கோ பழைய பதிவு ஒன்றில் மூன்று முறை திருப்பிப் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் உடைந்தது. அப்படியானால் குறை டிஸ்க்கில்தான். அதில் வியப்பும் இல்லை. இந்தப் பெட்டியில் சேனல்களைப் பிடிக்கும் ட்யூனர்கள் இரண்டு. யாரும் பார்க்காத நேரத்திலும் ஒவ்வொன்றும் தான் நிற்கும் சேனலின் கடைசி 30 நிமிடங்களை இடைவிடாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். தொலைக்காட்சியை அணைத்தாலும் டிஸ்க் ஓய்வதில்லை. மூன்றேகால் ஆண்டுகள் இரவு பகலாகச் சுழன்ற ஒரு பொருள் தேய்வது இயற்கை.

மே மாதம் அப்பா மறுபடியும் வருவதாக இருந்தது. தொலைபேசியில் பேசும்போது, “அந்த மேட்ச் இன்னும் இருக்காப்பா, அழிச்சுட்டீங்களா?” என்று கேட்டார். “இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு, அன்றிரவே வேலையைத் திட்டமிட ஆரம்பித்தேன்.

புதிய டிஸ்க்கில் டிவோ மென்பொருளை முன்பே ஏற்றி விற்கும் கடைகள் அப்போது இருந்தன. அதை வாங்கிப் பொருத்தினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பழைய பதிவுகள் ஒன்றுகூட வராது. பெட்டியின் பின்புறத்தில் உள்ள ஈசாட்டா துளையில் வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி இடத்தைப் பெருக்கவும் வழி உண்டு. அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள் டிஸ்க்கும் வெளி டிஸ்க்கும் இணைந்து ஒரே கிடங்காகிவிடுவதால், ஒரு பதிவின் துண்டுகள் இரண்டிலும் சிதறிக் கிடக்கலாம். கம்பி கழன்றாலோ இரண்டில் ஒன்று பழுதானாலோ மற்றொன்றில் இருப்பதும் பயனற்றுப் போகும். தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கோடு இன்னொன்றைப் பிணைப்பது எந்த வகையிலும் சரியான யோசனை அல்ல.

வீட்டு நெட்வொர்க் வழியாகப் பதிவைக் கணினிக்கு மாற்றும் வசதியைத்தான் முதலில் முயன்றேன். ஆண்டெனாவில் பிடித்த ஒளிபரப்புக்கு நகல் தடை இல்லை என்பதால் விதிமுறைப்படி அது போக வேண்டும். இரண்டு மணி நேரம் போய்க்கொண்டும் இருந்தது. பிறகு டிஸ்க்கில் பழுதான செக்டர் (தரவைச் சேமிக்கும் மிகச் சிறிய துண்டு) ஒன்றைத் தொட்டதும் டிவோ பெட்டி தானாக அணைந்து, மறுபடியும் தொடக்கத் திரைக்கு வந்து நின்றது. இரண்டாவது முயற்சியும் அதே இடத்தில் நின்றபோது, டிஸ்க்கை வெளியே எடுத்துக் கணினியில் மாட்டி, செக்டர் செக்டராக நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது உறுதியாயிற்று.

இங்கே டிவோவின் உள்ளமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் செய்பவர்கள்தான் பதிவுகளை இழக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு வெளிவந்த முதல் டிவோவிலிருந்தே அது லினக்ஸில் ஓடும் ஒரு சிறு கணினி. அந்த முதல் பெட்டியில் 54 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி செயலியும் 16 எம்.பி. நினைவகமும்தான் இருந்தன, 14 மணி நேரப் பதிவுக்கு 13.6 ஜி.பி. டிஸ்க். அதைத் திறந்து பெரிய டிஸ்க் வைக்க ஆர்வலர்கள் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டார்கள். டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை பழைய ஆப்பிள் மேக்கின் முறையைத் தழுவியது. ஆனால் முதல் செக்டரின் தொடக்கத்தில் மட்டும் ஆப்பிளின் குறியீட்டுக்குப் பதிலாக 1492 என்ற பதினாறடிமான எண் இருக்கும். பெட்டி உயிர் பெறும்போது முதலில் தேடுவது அதைத்தான். அதையடுத்து இயங்குதளத்தின் கருவான கர்னலும் மூலக் கோப்புகளும் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. புதிய பதிப்பு ஒன்றில் ஏறும்போது பழையது மற்றொன்றில் கெடாமல் இருக்கும். பின்னர் நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பகுதி, அதன் பிறகு எம்.எஃப்.எஸ். என்று அழைக்கப்படும் டிவோவின் சொந்தக் கோப்பு முறை. அது இணை இணையாக வரும்: நிகழ்ச்சிகளின் பட்டியலையும் குறிப்புகளையும் வைத்திருக்கும் சிறிய பகுதி ஒன்று, ஒலியும் ஒளியும் கிடக்கும் மிகப் பெரிய பகுதி ஒன்று. டிவோ எச்.டி.யில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இத்தகைய இணைகள் இரண்டு இருக்கும். மொத்தம் 13 பார்ட்டிஷன்கள். டிஸ்க்கைப் பெரிதாக்குவது என்றால் உண்மையில் மூன்றாவது இணை ஒன்றைச் சேர்ப்பதுதான். அதோடு எண்ணிக்கை 15ஐத் தொடுகிறது. அதற்கு மேல் இன்னோர் இணைக்கு அட்டவணையில் இடமில்லை. ஆகவே முதலில் 320 ஜி.பி., பிறகு ஒரு டெராபைட் என்று படிப்படியாக ஏறலாம் என நினைக்காமல், தேவையான அளவை ஒரே முறை தீர்மானித்து வாங்குவது நல்லது. நான் ஒரு டெராபைட் வாங்கினேன்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. பதிவுகள் டிஸ்க்கில் பூட்டிய நிலையில் இருக்கின்றன; அவற்றைத் திறக்கும் சாவி பெட்டியின் மதர்போர்டில் உள்ள சில்லோடு கட்டுண்டது. நண்பரின் டிவோவிலிருந்து எடுத்த டிஸ்க்கை உங்கள் பெட்டியில் மாட்டினால் பட்டியல் தெரியலாம், படம் ஓடாது, எச்.டி. பெட்டிகளில் 51ஆம் எண் பிழை வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அது மேற்கொண்டு வேலை செய்யும். கெட்டது மதர்போர்டாக இருந்திருந்தால் எந்தக் கணினியாலும் அப்பாவின் ஆட்டத்தை மீட்டிருக்க முடியாது. டிஸ்க் கெட்டதை ஒரு வகையில் நல்வாய்ப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திறக்க நட்சத்திரத் தலையுள்ள திருகாணிகளுக்கான டார்க்ஸ் டி-10 திருப்புளி வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். உள்ளே மின்வழங்கிப் பலகை மூடியின்றித் திறந்தே இருக்கிறது. அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்கள், கம்பியைப் பிடுங்கிய பிறகும் உடம்பை உதறவைக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். நான் மூடியைக் கழற்றியதும் அந்தப் பக்கத்தின் மீது தடித்த அட்டை ஒன்றை வைத்து மறைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டேன். இரண்டு டிஸ்க்குகளின் முதுகிலும் வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டி, ஒன்றில் ‘பழையது’ என்றும் மற்றொன்றில் ‘புதியது’ என்றும் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் குறித்தேன். இது தேவையற்ற எச்சரிக்கை அல்ல. நகலெடுக்கும் கட்டளையில் மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான புதிய டிஸ்க் பழையதன் மீது எழுதப்படும்; அந்தத் தவற்றுக்கு மருந்தே கிடையாது.

கணினியில் விண்டோஸ் இருந்த டிஸ்க்கை முதலில் கழற்றி ஒதுக்கி வைத்தேன். டிவோ டிஸ்க்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. ‘இந்த டிஸ்க்கைத் தயார் செய்யட்டுமா’ என்று கேட்கும். நல்லெண்ணத்தில் சரி என்று அழுத்தினால், நான் மேலே சொன்ன அந்த முதல் செக்டரின் மீது தன்னுடைய குறியை எழுதிவிடும்; டிவோ அதன் பிறகு தன் டிஸ்க்கையே அடையாளம் காணாது. முதல் செக்டரைத் திருத்தி எழுத வழி உண்டு என்றாலும், அந்த அலைச்சலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது. லினக்ஸ் சி.டி. ஒன்றிலிருந்து கணினியை இயக்கி, திரையில் தெரிந்த வரிசை எண்களை ஒட்டுத்தாளில் எழுதியவற்றோடு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நகலெடுக்க நான் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ. பழுதான டிஸ்க்குக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் துணிபு. சாதாரண நகல் கருவி முதல் பழுதான இடத்திலேயே இடறி நின்றுவிடும். டிடிரெஸ்க்யூவோ படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்து முடித்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். நடுவில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். 160 ஜி.பி.யில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. எஞ்சிய சிறு துளிக்கு இரவு முழுவதும் ஆயிற்று. பழைய டிஸ்க் ‘டக்... டக்...’ என்று இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. திரையில் மீட்கப்படாத அளவைக் காட்டும் எண் நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது இறங்கியது. காலையில் பார்த்தபோது ஏறத்தாழ 200 செக்டர்கள், அதாவது 100 கிலோபைட் மட்டும் படிக்க முடியாமல் நின்றிருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். நகல் முடிந்த கையோடு இடத்தையும் விரிவாக்கிவிடலாம் என்று தோன்றும். கருவிகளும் இரண்டையும் ஒரே மூச்சில் செய்து தரும். நான் விரிவாக்காமல், வெறும் நகலோடு புதிய டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினேன். புதியது ஒரு டெராபைட்டாக இருந்தாலும் டிவோவுக்கு அது பழைய 160 ஜி.பி. டிஸ்க்காகவே தெரியும். நகல் சரியா என்பதை அந்த நிலையில் சோதித்துவிட்டால், பிறகு ஏதேனும் கோளாறு வந்தாலும் அது விரிவாக்கத்தில் வந்தது என்று பிரித்தறிய முடியும். என் முடிவு சரியென்று உடனே தெரிந்தது. வரவேற்புத் திரை வந்தது. அதைத் தொடர்ந்து பச்சைத் திரை வந்தது. பெட்டி கடுமையான சிக்கல் ஒன்றைக் கண்டிருப்பதாகவும், அதைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆகும் என்றும், மின்கம்பியைப் பிடுங்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. படிக்க முடியாத செக்டர்களில் சில, படங்கள் இருக்கும் பெரிய பகுதியில் விழாமல், பட்டியல் இருக்கும் சிறிய பகுதியில் விழுந்திருக்க வேண்டும். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடந்தபடி காத்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பெட்டி தானாகவே மறுபடி தொடங்கி, பதிவுப் பட்டியலைக் காட்டியது. விம்பிள்டன் பதிவுகள் இரண்டும் அதில் இருந்தன.

இந்தப் பழுதுபார்ப்புக்கும் ஸ்வாப் அளவுக்கும் தொடர்பு உண்டு. கோப்பு முறையைச் சரிபார்க்கும்போது பெட்டிக்கு நினைவகம் நிறையத் தேவைப்படும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாகத் தேவையும் கூடும். பழைய பெட்டிகளில் பெரிய டிஸ்க் வைத்தவர்கள் ஸ்வாப்பைச் சிறியதாகவே விட்டுவிட்டால், இயல்பான நாட்களில் எல்லாம் சரியாக ஓடும்; என்றோ ஒருநாள் பச்சைத் திரை வரும்போதுதான் பெட்டி பாதி வழியில் நினைவகம் போதாமல் விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஸ்வாப்பை 127 எம்.பி.யாக வைக்கச் சொல்லி வற்புறுத்தின. அந்தப் பெட்டிகளில் இன்னொரு வரம்பும் இருந்தது: செக்டர் எண்ணுக்கு 28 பிட்டுகளே இருந்ததால் 137 ஜி.பி.க்கு மேல் டிஸ்க் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. டிவோ எச்.டி.யில் அந்தக் கவலை இல்லை.

மறுநாள் புதிய டிஸ்க்கை மறுபடியும் கழற்றிக் கணினியில் மாட்டி, எம்.எஃப்.எஸ். கருவி கொண்டு மூன்றாவது இணையைச் சேர்த்தேன். ஓர் இரவு முழுவதும் நகலெடுத்த பிறகு, 800 ஜி.பி.க்கும் மேற்பட்ட இடத்தைச் சேர்க்கும் இந்த வேலை சில நொடிகளில் முடிந்தது. அட்டவணையில் இரண்டு வரிகளை எழுதி, புதிய பகுதிகளின் தலைப்புகளை மட்டுமே அமைப்பதால் அதற்கு நேரம் தேவையில்லை. பெட்டியில் மாட்டியதும் கணினித் தகவல் பக்கத்தில் எச்.டி. தரத்தில் 140 மணி நேரத்துக்கு மேல் என்று காட்டியது.

அதன் பிறகும் ஒரு தடங்கல் வந்தது. மின்சாரம் கொடுத்துத் தொடங்கினால் பெட்டி சரியாக வந்தது. ரிமோட் வழியாக மறுதொடக்கம் கொடுத்தால் மட்டும் முதல் வரவேற்புத் திரையிலேயே நின்றுவிட்டது. நான் வாங்கியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வகை டிஸ்க். சில நொடிகள் வேலை இல்லையென்றால் அது படிமுனையை ஓரமாக நிறுத்திவிடும். மறுதொடக்கத்தின்போது டிவோ கூப்பிடும் நேரத்தில் அது பதில் தருவதில்லை. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. டிவோ தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடங்குவது பெரும்பாலும் நள்ளிரவு கடந்துதான். அப்போது நின்றுவிட்டால் காலையில் யாராவது பார்க்கும் வரையில் எந்தப் பதிவும் நடக்காது. டிஸ்க் தயாரிப்பாளரே தந்த சிறு டாஸ் நிரல் ஒன்றால் அந்த நிறுத்தும் பழக்கத்தை அணைக்க முடிந்தது. மூன்றாம் முறையாகத் திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது என்பது மட்டுமே கூடுதல் வேலை. பெரிய டிஸ்க் வாங்குவோர் கண்காணிப்புக் கேமரா அல்லது வீடியோ பதிவுக்கென்று செய்யப்பட்ட வகையை வாங்கினால் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

டிவோவின் லினக்ஸ் மூலநிரல் யாருக்கும் கிடைக்கும். ஆனால் அதை மாற்றி எழுதிப் பெட்டியில் ஏற்றினால், கையொப்பம் பொருந்தவில்லை என்று பெட்டி ஓட மறுத்துவிடும். 2007 ஜூனில் வந்த, கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இந்த வழக்கத்தைத் தடுக்கவும் முனைந்தது. ‘டிவோவாக்கம்’ என்று அந்த வழக்கத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆயினும் டிஸ்க்கைப் பொறுத்தவரை அந்தப் பெட்டி தன்னைப் பயன்படுத்துவோருக்குக் கதவை அடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய சாதாரண டிஸ்க்கை, வீட்டுக் கணினியின் துணையோடு, ஒரு திருப்புளியால் மாற்ற முடிந்தது.

மே மாதம் அப்பா வந்தார். களைப்புத் தீர்ந்த மூன்றாம் நாள் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் செட்டிலிருந்தே பார்த்தார். இரண்டாவது செட்டில் ஓரிடத்தில் படம் கட்டங்களாக உடைந்து, ஃபெடரரின் வெள்ளைச் சட்டை புல்வெளியின் பச்சைக்குள் கலைந்து, முக்கால் நொடியில் மறுபடியும் கூடியது. இழந்தது மொத்தம் 100 கிலோபைட்தான். எங்கள் பதிவில் அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்கான தரவு. ஆனால் எம்பெக் என்னும் வீடியோ சுருக்க முறையில் ஒரு முழுப் படத்தை ஒட்டி அரை நொடிக்கான படங்கள் வரிசையாகப் பின்னப்படுவதால், ஒரு செக்டர் போனாலும் அடுத்த முழுப் படம் வரும் வரையில் திரை தேறாது.

“இங்க முன்னாடி இப்படி இல்லையே” என்றார் அப்பா. விவரத்தைச் சொன்னேன். ரிமோட்டை வாங்கி எட்டு நொடி பின்னால் போய் அந்த இடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “பாயிண்டு யாருக்குன்னு தெரியுதுல்ல, போதும்” என்று சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். பழைய டிஸ்க் அதே ‘பழையது’ ஒட்டுத்தாளோடு, நகலெடுத்த தேதி எழுதிய உறையில், அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.